காலி நாற்காலி என்று அவர் சொன்ன படம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அவர் மனைவி மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போனாள். கல்யாணமான சில வருடங்களில் மெல்ல மங்கினாள், பிறகு அடியோடு மறைந்தாள். குரல் கேட்கும், காபி வரும், சட்டை மடித்திருக்கும், ஆளைத்தான் காணோம். கடையில் பில் போடுவதே அவள்தான், மற்ற எல்லோருக்கும் நன்றாகவே தெரிந்தாள். ஊருக்கெல்லாம் பார்வை திருத்துகிறவர் தன் கண்ணையும் சோதித்துப் பார்த்து, குறையொன்றும் இல்லையென்று விட்டுவிட்டார். "குரல் கேக்குதுல்ல, அப்புறம் என்ன?" என்றாள் நாத்தனார். மனைவிக்கு அது போதவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டே இல்லாமல் இருப்பது வலித்தது.

கடைக்கு எதிரே ஓவியக்கூடம் திறந்தார்கள். அங்கே ஒரு படத்தில், ஜன்னலோரம் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவுகிறாள். அவ்வளவுதான். அதன் முன்னால் ஆட்கள் வாயடைத்து நிற்பதைப் பார்த்த மனைவிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. படத்தில் இருக்கிறவளுக்கே இந்த மரியாதையென்றால் உயிரோடு இருக்கிறவளுக்கு? கடையைப் பூட்டினாள், புருஷனைக் கையோடு இழுத்துப் போனாள்.

அவர் பார்த்தார். "நாற்காலிய நல்லாத்தான் வரைஞ்சிருக்கான். காலி நாற்காலிக்கு எதுக்கு இவ்வளவு கூட்டம்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, நோய் எங்கே என்று பிடிபட்டுவிட்டது. அடுத்த ஞாயிறும் இழுத்து வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும். அவர் முனகினார், முழங்கால் வலி என்றார், படம் எங்கேயும் ஓடிப்போகாது என்றார். அவள் பிடித்த பிடியை விடவில்லை. "தோல் தானாவா உரியுது? நல்லா பாருங்க." மழை போய் வெயில் வந்து மறுபடி மழை பிடித்தபோது கத்தியைப் பிடித்த விரல்கள் அவருக்குத் தெரிந்தன. பிறகு மணிக்கட்டு, பிறகு தோள். "பாவம், களைச்சுப் போயிருக்கா," என்றார், முகம் தெரிவதற்கு முன்பே.

அன்று வீட்டில் தட்டு வைத்த கை அவருக்குத் தெரிந்தது. பிடித்துத் திருப்பினார்.

"இது எப்போ சுட்டுக்கிட்டே?"

"நம்ம பொண்ணு பொறந்த வருஷம்."

பெண்ணுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அவர் தேம்பி அழுதார். அவளும் அழுதாள், ஆனால் முகம் இன்னும் பாக்கி என்பதை மறக்கவில்லை.

முகம் வர மேலும் சில வருடங்கள் பிடித்தன. ஒரு காலையில் பில் மேசைக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒரு பெண் இருப்பதைக் கண்டு, கடைக்காரர் சட்டென்று எழுந்து நின்றார். "வாங்க," என்றார். "இங்கதாங்க இருக்கேன்," என்றாள் அவள்.

இடது காது மட்டும் இன்னும் தெரியவில்லை. படத்தில் இருப்பவள் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பதால் அந்தக் காது அதில் இல்லை. அதற்கு வேறு படம் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போய் வருகிறார்கள்.