முன்னதாகக் கொடுத்த முடி

"இன்னா மாமா, தாடியில எறும்பு ஓடுது. வெல்லம் துன்னியா?"

மனைவி தாட்சாயணி கேட்டதும் கோவர்த்தனன் தாடியைத் தட்டிவிட்டான். தாடி மார்பு வரை வந்திருந்தது. தலைமுடியைக் கொண்டையாக முடிந்திருந்தான்.

அவன் சத்தியவேட்டில் சர்க்கார் குமாஸ்தா. எல்லை பிரித்து ஊர் ஆந்திராவோடு சேர்ந்த பிறகு மனுக்கள் தெலுங்கில் வரத் தொடங்கின. தெலுங்குப் பரீட்சை தேறாவிட்டால் வேலை நிலைக்காது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். சந்தையில் பேசுகிற தெலுங்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுதத்தான் வராது. தேறும்வரை தலையில் கத்தி படாது, தேறியதும் திருமலையில் முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டான். அதற்குப் பிறகு இரண்டு தடவை தோற்றாயிற்று.

ஊருக்கு அவன் இப்போது பாதி சாமியார். டீக்கடை கங்கையா, "சாமிக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு போடு! பரீட்சைக்காக இப்படிக் கெடக்கறவன நான் பாத்ததே இல்லப்பா" என்பான். கோவர்த்தனன் அதைக் கேட்டுவிட்டு நிறைந்த மனதோடு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வான்.

ஒருநாள் பக்கத்துத் தெரு சந்திரம்மா கைக்குழந்தையோடு வந்தாள். "சாமி, புள்ள ஓயாம அழுவுது. தலையில கை வெய்யி."

அவன் வைத்தான். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

"கைய வெச்ச, சரி. கண்ண எதுக்கு மூடின?" என்றாள் தாட்சாயணி.

"அவளே வந்து கேட்டா. மாட்டேன்னு எப்பிடிச் சொல்றது?"

"புஸ்தகத்தத் தொறந்து எத்தினி நாளாச்சி?"

"மனசு ஓடல."

"எப்பிடி ஓடும்? கோவர்த்தனன் படிக்கிறான்னு ஊரே சொல்லிக்கினு கீது. நீயும் கேட்டு நம்பிட்ட."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மொத வருசம் நீ படிச்சத நான் பாத்தேனே மாமா. எழுத்துக்குக் கீழ இன்னோர் எழுத்து தொங்குதுன்னு கத்திக் கத்தி எழுதுவ. அப்ப தாடி இத்தினூண்டு. தாடி வளர வளர படிப்பு கொறஞ்சிடுச்சி."

"இப்ப இன்னா பண்ணச் சொல்ற?"

"சனிக்கெழம திருப்பதிக்குப் போலாம். முடியக் குடுத்துட்டு வந்துடு."

"பைத்தியமா ஒனக்கு? பாஸ் பண்ணாம எப்பிடிக் குடுக்கறது? சாமி குத்தமாயிடும்."

"முன்னாடியே குடுத்தா பெருமாளு வாணாம்னுவாரா? வேலைய முடிச்சிட்டுத்தான் வரணும்னு அவரு சொன்னாரா, நீயா சொன்னதா?"

"ஊர்ல இன்னா சொல்வாங்க?"

"ஆங். அதான் ஒன் பயம்."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். வெள்ளிக்கிழமை அவனாகவே கேட்டான்: "பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

மலையடிவாரத்து அலிபிரியில் தேங்காய் உடைத்துவிட்டுப் படியேறினார்கள். பாதி வழியில் அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியதால் அல்ல.

"மறுபடி பெயிலானா?"

"ஆனா ஆவட்டும்."

"இன்னாம்மே, இவ்ளோ சுளுவா சொல்ற? வேலை பூடும்."

"பூட்டா நெலத்தப் பாத்துக்கலாம். படிச்சிட்டுப் பெயிலாவு மாமா, நான் பொறுத்துக்கறேன். வேசம் போட்டுக்கினு ஆவாத. ஏந்திரு."

மேலே முடி எடுப்பவர் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, வேண்டுதல் நிறைவேறியதா என்று தெலுங்கில் கேட்டார். இன்னும் இல்லை, முன்னதாகக் கொடுக்கிறேன் என்று இவனும் தெலுங்கிலேயே சொன்னான். கத்தி ஒரு கணம் நின்றது. "எல்லாரும் காரியம் முடிஞ்சப்புறம்தான் வருவாங்க" என்று சிரித்துவிட்டு அவர் வேலையைத் தொடங்கினார்.

சத்தியவேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கங்கையா கடையிலிருந்து ஓடி வந்தான். "பாஸா! நான் சொன்னேன்ல! எல்லாருக்கும் டீ ஊத்துங்கப்பா, என் கணக்குல!"

கடையில் இருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள். ஒருவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். தலையை ஆட்டினால் போதும். கோவர்த்தனன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். தாட்சாயணி புளியமரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"இல்ல கங்கையா. பாஸ் ஆவல. சும்மா குடுத்துட்டு வந்தேன்."

"சும்மாவா? சும்மா எவனாவது மொட்ட அடிப்பானா?"

"சாமிக்கு வெயில் தாங்கல போலக்குது" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். ஊற்றிய டீயை யார் குடிப்பது என்று தெரியாமல் கங்கையா நின்றான்.

தெரு நெடுக அதே கேள்வி, அதே பதில். முதல் வீட்டில் அவன் குரல் நடுங்கியது. கோயிலைத் தாண்டும்போது, சந்தையில் கத்தரிக்காய் விலை சொல்வது போலச் சொல்ல வந்துவிட்டது.

உமாபதி வீட்டு வாசலில் கோவர்த்தனன் நின்றான். உமாபதி அதே ஆபீசில் சின்னவன். முதல் தடவையே தேறியவன். அதனாலேயே கோவர்த்தனன் அவனிடம் தெலுங்கைப் பற்றிப் பேசியதே இல்லை.

"உமாபதி, சாயந்தரம் வந்து டிக்டேஷன் சொல்றியா? தப்புத் தப்பா வரும். சிரிக்கக் கூடாது."

"சிரிப்பேண்ணா."

"சரி, கொஞ்சமா சிரி."

அன்றே தொடங்கினார்கள். சில நாள் உமாபதி வரவில்லை. சில நாள் கோவர்த்தனனுக்குக் கொட்டாவி வந்துகொண்டே இருந்தது. அந்த நாட்களில் பழைய மனு ஒன்றை எடுத்து நாலு வரியாவது பார்த்து எழுதிவிட்டுத்தான் படுத்தான். அவன் படிக்கிறான் என்று இப்போது ஊரில் யாரும் சொல்வதில்லை. முடி சாதாரணமாக வளர்ந்தது. சாதாரணமாக வெட்டிக்கொண்டான்.

பரீட்சை முடிவு வந்த அன்று ஆபீசிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தான். தாட்சாயணி உலக்கையை நிறுத்தினாள்.

"டிக்டேஷன் பாஸு. மொழிபெயர்ப்பு போச்சி."

"அப்போ வேலை?"

"அடுத்த தடவ அது ஒண்ணு எழுதணும். அதுவரைக்கும் வேலையில இருன்னு ஆபீஸ் பெரியவரு சொல்லிட்டாரு."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "சோறு போடட்டா?"

"அப்புறம் துன்றேன். நேத்து பாதி மனுவுல நிறுத்திட்டோம். உமாபதி வர்ற நேரம், அந்தப் பாய எடும்மே."