பேஸ் வாசித்த ஜெனரேட்டர் (தலைப்பு மாறலாம்)

1

இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. ஒரு பெண் என்னைத் திட்டியதில் உதித்தது.

[கதைகளின் ஊற்றுக்கண் எது என்று யோசிக்கும்போது நமக்குள் எழும் — வேண்டாம். இப்படித் தொடங்குகிறவர்கள் இரண்டாம் பத்திக்குள் நம்மைத் தூங்கவைத்துவிடுவார்கள்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் அப்புசாமி அண்ணனின் அச்சகத்தில் எனக்கு வேலை. பனியனில் தொங்கும் அட்டைக்கும் கழுத்தில் தைக்கும் லேபிளுக்கும் எழுத்துப்பிழை பார்ப்பேன். அண்ணன் ஒரு வாரப் பத்திரிகையும் நடத்திவந்தார். பத்திரிகை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு பக்கம் போக மிச்சமெல்லாம் விளம்பரம். அந்த ஒரு பக்கத்தை நிரப்ப ஆள் கிடைக்காமல் ஒருநாள் என்னிடம் வந்தார். "ஏனுங் தம்பி, நீங்க பாட்டெல்லாம் கேப்பீங்கல்ல? அதையப் பத்தி என்னத்தையாச்சும் எழுதிக் குடுங்க."

அப்படிப் பிறந்ததுதான் 'சாம்பிள் பீஸ்' என்ற என் பத்தி. உள்ளூர் இசைக்குழுக்கள் தாங்களே பதிவுசெய்த சிடியை அனுப்புவார்கள், நான் கேட்டுவிட்டு விமர்சிப்பேன். மற்ற ஊர்களில் அதற்கு டெமோ என்று பெயர். எங்கள் ஊரில் ஆர்டர் பிடிக்க அனுப்புவது எதுவானாலும் சாம்பிள்தான்.*

(* பெண் வீட்டுக்கு அனுப்பிய தன் போட்டோவையும் அப்படிச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு அந்தக் கல்யாணம் நடக்கவில்லை.)

2

விமர்சனத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. பனியனைக் குறை சொல்வது எப்படி என்று நன்றாகத் தெரியும். ஆகவே அப்படியே எழுதினேன்.

காங்கேயத்து ராக் குழு ஒன்றுக்கு: "கிட்டார் தோள்பட்டையில் இழுக்கிறது. பாடகர் சைஸ் மாறி வந்திருக்கிறார். குரலில் பிசிறு அதிகம், வெட்டி அனுப்பவும்." (தைத்து முடித்த பனியனில் தொங்கும் நூல் துணுக்குதான் பிசிறு. அதை வெட்டுவதற்கென்றே கம்பெனிகளில் ஆட்கள் உண்டு.) பெருமாநல்லூர்க் குழுவுக்கு: "கலர் நன்று. ஒரு துவைப்புக்குத் தாங்காது."

ஊரே சிரித்தது. ஊர் என்றால் எதிர்த்த டீக்கடை. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று எழுதினால் நீங்கள் என்னைத் தன்னடக்கமுள்ளவன் என்று நம்பிவிடுவீர்கள். அது முன்பே ஏறியிருந்தது.

3

வருடம் 2008. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று ஜோசியக்காரர்களாலும் சொல்ல முடியாத காலம். அப்போது 'ஓவர்லாக்' என்ற குழுவின் சிடி வந்தது.

குழுவில் மூன்று பேர். கீபோர்டு இசக்கிமுத்து, ட்ரம் தவசி, பாட்டு நாகஜோதி. மூவரும் தெற்கத்திப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள், ஒரே கம்பெனி. நாகஜோதிக்குச் சங்கரன்கோவில் பக்கம். துணியின் ஓரத்தைத் தைத்துக் கட்டும் ஓவர்லாக் மெஷினில் அவள் டெய்லர். அந்த மெஷினின் பெயரைத்தான் குழுவுக்கு வைத்திருந்தார்கள். பாட்டு எழுதியதும் அவளே. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஹாலிலேயே பதிவுசெய்திருந்தார்கள்.

கேட்டேன். பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல், தொடக்கம் முதல் கடைசிவரை விடாப்பிடியாக ஒரே ஸ்வரம். எனக்குப் புல்லரித்துவிட்டது. எழுதினேன்: "யாரிந்த பேஸ் கிட்டார்க்காரர்? பாட்டு முழுக்க ஒரே ஸ்வரத்தில் நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! சாம்பிள் ஓகே." பத்தி முழுவதையும் அந்த பேஸுக்கே கொடுத்தேன்.

குழுவில் பேஸ் கிட்டார் கிடையாது. அது பக்கத்துக் கம்பெனியின் ஜெனரேட்டர்.

சிரிக்காதீர்கள். இந்தத் தப்பை வேறு ஊர்க்காரன் எவனாலும் செய்ய முடியாது. நானாவது அதை பேஸ் என்று நினைத்தேன். பாடிப் பதிவுசெய்த மூவருக்கும் அது காதிலேயே விழவில்லை. எங்கள் ஊரில் ஜெனரேட்டர் ஓடினால் அமைதி என்று அர்த்தம். நின்றால்தான் எல்லாரும் தலையைத் தூக்கி, என்ன சத்தம் என்று பார்ப்போம்.

4

அடுத்து வருபவரைப் பற்றி எனக்கே சந்தேகம். கதைக்காகச் செய்து வைத்த ஆள் போல இருப்பார். என்ன செய்ய, மனுசன் அப்படித்தான் இருந்தார்.

பெயர் ஆறுமுகசாமி. தறி ஓட்டிய குடும்பம், இப்போது பனியன் கம்பெனி முதலாளி, முருகன் கோயில் விழாக் கமிட்டித் தலைவர். என் பத்தியைப் படித்துவிட்டு இசக்கிமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார். "நம்ம கோயல்ல நீங்கதான் வாசிக்கோணும் கண்ணு. பாட்டு எதுன்னாலும் பரவால்லீங்க. அந்த பேஸ் வாசிக்கற தம்பி மட்டும் கட்டாயம் வரோணும்."

முதல் மேடை. உண்மையைச் சொல்ல எவனுக்கு மனசு வரும்? தவசியின் கழுத்தில் ஓர் இரவல் கிட்டாரை மாட்டினார்கள். அதில் பாதிக் கம்பி இல்லை. ட்ரம் வேலையைக் கீபோர்டின் பொத்தான் பார்த்துக்கொண்டது. மேடைக்குப் பின்னால், தட்டிக்கு மறைவில், ஜெனரேட்டரை உருட்டிக்கொண்டுவந்து நிறுத்தினார்கள். தவசி கண்ணை மூடித் தலையை ஆட்டி ஆட்டி, இல்லாத கம்பியை மீட்டினான். முன்னால் நாகஜோதி நின்றாள். வாய் அசைவது தெரிந்தது.

முடிந்ததும் ஆறுமுகசாமி தவசிக்குத் துண்டு போர்த்தினார். "பேஸ் அருமைங்க. சொக்கிப் போயிட்டனுங்க."

"எல்லாம் முருகன் அருளுங்கய்யா" என்றான் தவசி. கொஞ்சங்கூடக் கூசவில்லை.

5

நாகஜோதி என்னைத் தேடி அச்சகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, பாட்டுன்னா பாடுதவ ஒருத்தி இருப்பாள்ளா?"

"ஆமா."

"அவளப் பத்தி ஒரு வரி இல்லியே, ஏன்?"

விஷயம் இதுதான். கோயம்புத்தூரில் ஒரு மெல்லிசைக் குழு பாடகி தேடிக்கொண்டிருந்தது. சிடியையும், கத்தரித்த என் விமர்சனத்தையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அவர்கள் சிடியைப் போட்டால் ஜெனரேட்டர். தாளைப் பிரித்தால் அதிலும் ஜெனரேட்டர். "இதுல பாடுனது நீதான்னு என்ன நிச்சயம்னு கேக்காவ. பேரே இல்லாதவ எப்படிப் பாடுவான்னு சிரிக்காவ. ஒரே ஒரு வரி எழுதுங்க அண்ணாச்சி. நல்லாருக்குன்னு போடுங்க, இல்ல நாராசம்னு போடுங்க. நான் பாடுனேன்னாவது தெரியட்டும்."

எழுதத் தயார்தான். ஆனால் எழுத இடம் இல்லை. ஆர்டர்கள் குறைந்து, விளம்பரம் நின்று, பத்திரிகை அந்த வாரமே படுத்துவிட்டிருந்தது. தெரிந்த மாத இதழ் ஒன்று கதை கேட்டிருந்தது, அதில் கதையாக எழுதுகிறேன் என்றேன்.

"கதைன்னா பொய்யில்லா?"

"உன் பேர் வரும்."

"அப்ப எழுதுங்க, வெரசா. சித்திரைல மறுபடி ஆள் எடுக்காவ."

6

முடிவு அமையவில்லை. எழுதிப் பார்த்தவை:

அ. மேடையில் ஜெனரேட்டர் நின்றுபோகிறது. இருட்டு. மைக் இல்லாமல் நாகஜோதி பாடுகிறாள். கூட்டம் உறைந்து நிற்கிறது. ஆறுமுகசாமியின் கண்ணில் நீர் — [எனக்கே கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு ஜெனரேட்டர் ஒரு திணறல்கூடத் திணறவில்லை.]

ஆ. அவள் பாட்டை விட்டுவிட்டு மெஷின் முன் உட்காருகிறாள். ஊசி இறங்குகிறது. ஏறுகிறது. இறங்கு — [இலக்கியக்காரர்களுக்குப் பிடிக்கும். அவள் படித்தால் ஊசி என் மேல் இறங்கும்.]

இ. தவசி சென்னைக்குப் போய்ப் பெரிய பேஸ் கலைஞனாகிறான். [மூன்றில் இதுதான் நம்பும்படி இருக்கிறது.]

7

இதுவரை எழுதியதை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். இந்தத் தடவையும் நின்றுகொண்டே படித்தாள். நான் சிரிப்பை எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

"தலைப்புலயே ஜெனரேட்டரு" என்றாள்.

"அது சும்மா ஒரு..."

"பக்கத்துக்குப் பக்கம் அதான் உறுமுது. என் பேரு வார எடத்துல ஒண்ணு நான் சும்மா நிக்கேன், இல்ல ஒங்களத் திட்டுதேன். எங்கயாவது பாடுதேனா அண்ணாச்சி?"

தாள்களை வாங்கிப் புரட்டினேன். பாடவில்லை. 'வாய் அசைவது தெரிந்தது' என்று ஓரிடத்தில் இருந்தது, அவ்வளவுதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த நேரத்திலும் கரண்ட் இல்லை. கீழே எங்கள் அச்சகத்து ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை அது என் காதில் விழவே இல்லை.

இறங்கிப் போய் நிறுத்தினேன். மெஷின்கள் அடங்கின. "ஏனுங், யாருங்க அது!" என்று அப்புசாமி அண்ணன் கத்துவது கேட்டது. நான் மேலே ஓடிவந்தேன். "பாடு" என்றேன்.

8

சூப்பர்வைசர் அண்ணே, சுத்திச் சுத்தி வாரீயளே,
ஊசியும் எங் கையில, நூலும் எங் கையில,
கண்ணு மட்டும் ஏன் அண்ணே எங்க மேல?

அவள் குரல் தேன் — [அடி.] அவள் குரல் மழைக்குப் பிறகு வரும் — [அடி, அடி.] அவள் குரலில் உழைக்கும் வர்க்கத்தின் — [கையை முறி.]

கேட்டதை மட்டும் சொல்கிறேன். 'அண்ணே' என்று மேலே ஏறும் இடத்தில் குரல் உடைகிறது. முதல் தடவை தப்பு என்று நினைத்தேன். மறுபடி அதே இடத்தில், அதே மாதிரி உடைந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுகிறாள். அந்த அடக்கிய சிரிப்பின் ஒரு இழைதான் அங்கே வெளியே வந்துவிடுகிறது. அதற்குள் அப்புசாமி அண்ணன் கத்திக்கொண்டே படியேறி வாசலுக்கு வந்துவிட்டார். அவள் நிறுத்தவில்லை. அடுத்த 'அண்ணே'யை அவர் முகத்தைப் பார்த்தே பாடினாள்.

"என்னையவா சொல்றீங்க கண்ணு?" என்றார் அவர், பாவமாக.

எனக்கு ஒரே சந்தோஷம். இதையா இத்தனை நாள் அந்த உறுமலுக்கு அடியில் போட்டுப் புதைத்திருந்தோம் என்று ஆத்திரமும் வந்தது.

தலைப்பை மாற்றச் சொல்லி இதழுக்குப் போன் செய்தேன். அட்டை அச்சாகிவிட்டதாம். சித்திரை இன்னும் பிறக்கவில்லை, ஆகவே முடிவும் என் கையில் இல்லை. உங்களில் யாருக்காவது அந்தக் கோயம்புத்தூர்க்காரர்களைத் தெரிந்திருக்கும். கீழே இருப்பதை மட்டும் கத்தரித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். மேலே உள்ளது எல்லாம் ஜெனரேட்டர்.

— — — — — — — — — —

சாம்பிள் பீஸ்

குழு: ஓவர்லாக்.
எழுதிப் பாடியவர்: நாகஜோதி.
குரலில் பிசிறு இருக்கிறது. வெட்ட வேண்டாம்.

— — — — — — — — — —