மூன்றாவது டிராம்போன்

தீபாவளி முடிந்து நான்காம் நாள்தான் ஜெயபாரதிக்குக் கால் வீக்கம் வடிந்தது. தி. நகரில் அண்ணன் வைரவனின் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவு அவள் பொறுப்பு. காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறாள். வயது ஐம்பத்திரண்டு. ஒரு கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோனது. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி மூன்றாவது மாடியில் அவள் குடியிருந்தாள். லிஃப்ட் கிடையாது. முன்னறையின் ஒரு சுவர் முழுக்க இசைத்தட்டுகள். எல்லாம் ஜாஸ். அதிலும் பெரும்பாலும் பிக் பேண்ட்: பதினாறு பதினேழு பேர் டிரம்பெட்டும், குழாயை நீட்டி இழுத்து ஊதுகிற டிராம்போனும், சாக்ஸபோனுமாக வரிசையாக உட்கார்ந்து ஊதுகிற பெரிய குழுக்கள். அவள் பத்தாவது படிக்கும்போது, கப்பலில் வேலை பார்த்த தூத்துக்குடி மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு தட்டு வாங்கி வந்தார். உறையில் யானைப் படம் இருந்ததால் பிள்ளைகள் பாட்டு என்று நினைத்துவிட்டார். அப்படித்தான் தொடங்கியது.

பேர் பெற்ற குழுக்களின் தட்டுகளைப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சேர்த்து முடித்தாள். அதன்பின் யாருக்கும் தெரியாதவர்களைத் தேட ஆரம்பித்தாள். ஏதோ ஒரு சின்ன ஊரில், சனிக்கிழமைதோறும் மற்றவர்கள் ஆடுவதற்காக வாசித்து, ஒரே ஒரு தட்டுப் போட்டுவிட்டுக் கலைந்துபோன குழுக்கள். அந்தத் தட்டுகளில் அவள் கவனித்துக் கேட்பது எழுந்து நின்று தனியாக வாசிப்பவர்களை அல்ல, பின்வரிசையில் கடைசிவரை உட்கார்ந்தே இருப்பவர்களை. அவர்கள் ஒருநாள் வராவிட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் எங்கேயோ ஒன்று குறையும்.

கொஞ்ச நாளாக அதுவும் அலுத்திருந்தது. கடைசியாக வாங்கிய நான்கு தட்டுகள் பொட்டலம் பிரிக்காமலே கட்டிலுக்கடியில் கிடந்தன. பிரித்துக் கேட்டாலும் யாரிடம் சொல்வது?

அந்த நேரத்தில்தான் சக்திவேல் கூப்பிட்டான். ஈக்காட்டுத்தாங்கலில் பழைய சாமான் கிடங்கு வைத்திருப்பவன்.

"இன்னாக்கா, போனே எடுக்கமாட்ற? அபிராமபுரத்துல ஒரு ஊட்ட இடிக்கிறாங்கோ, பிளாட்டு கட்டப் போறாங்களாம். சாமான் மொத்தமும் நம்மகிட்ட வந்துகீது. ரெக்கார்டு ஒரு பொட்டி கீது. கொழல் ஊதுற படம்லாம் போட்டுகீது, உன் ஆளுங்கதான்னு நெனக்கிறேன்."

"ஞாயித்துக்கிழமை பாக்கலாம் சக்திவேல். கால் முடியல."

"அதுக்குள்ள மழ வந்துச்சுன்னா கிடங்குல தண்ணி நிக்கும். அப்பால என்ன சொல்லாத."

மறுநாள் மத்தியானம் மெட்ரோவில் போனாள். குழல் ஊதுகிற படம் என்று அவன் சொன்னது நாதஸ்வரம். அலுப்போடு பெட்டியின் அடிவரைக்கும் தள்ளிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் கீழே வெள்ளை உறையில் ஒரு தட்டு இருந்தது. அச்சடித்த படம் ஏதும் இல்லை. அமெரிக்காவில் ஒரு சிறிய பொறியியல் கல்லூரியின் பெயரும், மாணவர் பேண்டின் வருடாந்தரக் கச்சேரி, 1966 என்ற வரியும் மட்டும். பின்பக்கம் பதினேழு பெயர்கள். மூன்றாவது டிராம்போனுக்கு நேரே, 'கே. ரங்கன்'.

"சக்திவேல், இது யார் வீடு?"

"கஸ்தூரிரங்கன்னு ஒரு பெரியவரு. பொண்ணு ஊட்டுக்குப் போய்ட்டாரு, அடையாறுல. இன்னாக்கா, நல்ல சரக்கா?"

"தெரியல" என்றாள். தெரிந்திருந்தது.

அன்று மாலையே தட்டைத் துடைத்துப் போட்டுக் கேட்டாள். ஒரே கச்சேரியை ஒரே மூச்சில் பதிவு செய்திருந்தார்கள். மாணவர்கள்தானே, சில இடங்களில் வேகம் ஓடியது, டிரம்பெட்டுகள் கத்தின. ஆனால் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு மெதுவான உருப்படி வந்தது. சாக்ஸபோன்கள் தணிந்ததும் ஒரே ஒரு டிராம்போன் மேலே வந்து, சாதாரணமாக ஒருவர் பேசுவதுபோல எட்டுத் தாள வட்டம் வாசித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. அதன் தொடக்கத்தில் டிரம்ஸ் ஒருமுறை தடுக்கி, உடனே சரியானது. ஜெயபாரதி அந்த இடத்தை நான்கு தடவை போட்டாள். வெகுநாளைக்குப் பிறகு கால்வலி மறந்து தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது. கொடுக்க மனம் வரவில்லை. அப்படி ஒரு தட்டு இருப்பதாக எந்தப் பட்டியலிலும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டாள். கார்த்திகைக்குச் சேலை வரத்து, கல்யாண முகூர்த்தக் கூட்டம் என்று தனக்குத்தானே காரணம் சொல்லி மூன்று வாரம் ஓட்டினாள். ஒருநாள், தள்ளுபடிச் சேலையை வெளிச்சத்தில் பிடித்துக் குறை தேடிக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். வைரவன் அந்த வாடிக்கையாளரைத் தானே கவனித்து அனுப்பினான். பிற்பாடு, "உனக்கு ஒடம்பு சரியில்லன்னா நாலு நாள் வீட்ல இரேன் பாரதி" என்றான். முதல் நாள் படுத்தே கிடந்தாள். இரண்டாம் நாள் சக்திவேலிடம் விலாசம் வாங்கிக்கொண்டு அடையாறு போனாள்.

கதவைத் திறந்தவர் காமாக்ஷி, கஸ்தூரிரங்கனின் மனைவி. எழுபத்தைந்து வயதிருக்கும். "வாங்கோ, உக்காருங்கோ. பழைய சாமான் விஷயமா? அதெல்லாம் அன்னிக்கே கணக்கு முடிச்சாச்சே" என்றார்.

ஜெயபாரதி பையிலிருந்து தட்டை எடுத்துக் கொடுத்தாள். காமாக்ஷி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். "ஏன்னா, இங்க கொஞ்சம் வாங்கோ. இது என்னன்னு பாருங்கோ."

கஸ்தூரிரங்கன் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தார். உயரமான மனிதர், எண்பது தாண்டியவர். தட்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஆச்சரியம் ஏதும் வரவில்லை. வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கடிதம் மறுபடியும் வந்ததுபோலப் பார்த்தார்.

"இத பழைய சாமானோட நான்தான் தூக்கிப் போட்டேன். தெரியாம போயிடலை."

"அப்படித்தான் சார் நெனச்சேன். இருந்தாலும் உங்க பேர் இருந்துச்சு."

"நீங்க கேட்டேளா?"

"கேட்டேன் சார். ரெண்டாம் பக்கம் மூணாவது, அதுல டிராம்போன் நீங்களா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மூணாவது டிராம்போனுக்குத் தனியா வாசிக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. அன்னிக்கு முதல் டிராம்போன்காரனுக்கு ஜுரம், வரலை. என்னை எழுந்து நிக்கச் சொல்லிட்டா. தாளத்துல ஒரு அடி முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன். தட்டுலயும் அப்படியே இருக்கு. இன்னொரு தடவை பதிவு பண்ணக் காசு கிடையாது."

"டிரம்ஸ்காரர் தடுமாறினார்னுதான் நான் நெனச்சேன்."

"அவன் தடுமாறலை. ஒரு அடியைத் தாண்டி என்கிட்ட வந்தான். அவன் பின்னாடியே மத்த எல்லாரும் வந்தா. அவனோட சேத்துப் பதினஞ்சு பேர்."

காமாக்ஷி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க வாசிப்பேளா? எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? ரெண்டு வருஷம் படிச்சேன், வாசிச்சேன். இங்க வந்தேன், பம்ப் கம்பெனி வேலை, கல்யாணம். வாத்தியம் காலேஜோடது, அங்கேயே குடுத்துட்டு வந்தேன். பெரிய கதையெல்லாம் இல்லை."

"அம்பது வருஷத்துக்கு மேல ஆத்துல இருந்திருக்கு" என்றார் காமாக்ஷி. கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஏதோ விட்டுப்போனதை மெல்லக் கூட்டிப் பார்ப்பவர்போல இருந்தது. "நான் கேக்கணும்."

அந்த வீட்டில் தட்டுப் போடுகிற பெட்டி இல்லை. பழையது சக்திவேலின் கிடங்குக்குப் போய்விட்டது. தன் வீட்டில் கேட்கலாம் என்று ஜெயபாரதி சொன்னாள். சொன்ன பிறகுதான் மூன்று மாடி நினைவுக்கு வந்தது. அதையும் சொன்னாள்.

"மெதுவா ஏறிக்கலாம்" என்றார் காமாக்ஷி. கஸ்தூரிரங்கன் தட்டை ஜெயபாரதியின் பக்கம் நகர்த்தினார்.

இரண்டு நாள் கழித்து ஆட்டோவில் வந்தார்கள். முதல் மாடி ஏறவே பத்து நிமிஷம் ஆனது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கஸ்தூரிரங்கன் கைப்பிடியைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

"இதுக்கு மேல என்னால ஆகாது. நீ போய்க் கேட்டுட்டு வா."

"நீங்க இல்லாம நான் மட்டும் என்னத்தக் கேக்கறது?" காமாக்ஷியும் இரண்டு படி மேலே உட்கார்ந்துகொண்டார்.

ஜெயபாரதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு மேலே போய், கதவைத் தள்ளித் திறந்து ஒரு நாற்காலியை அண்டக் கொடுத்தாள். ஸ்பீக்கர்கள் இரண்டையும் ஒயர் எட்டும் தூரத்துக்கு வாசல் பக்கம் இழுத்து வைத்தாள். இரண்டாம் பக்கம் மூன்றாவது உருப்படியில் முள்ளை வைத்து, இதுவரை வைக்காத அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினாள்.

சாக்ஸபோன்கள் படிக்கட்டு வழியாக இறங்கின. இரண்டாவது மாடியில் குடியிருக்கிற தேவானை கரண்டியோடு வெளியே வந்தவள், படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். டிராம்போன் வந்தது. கஸ்தூரிரங்கன் கண்ணை மூடவில்லை, தலையை ஆட்டவில்லை. எதிர்ச்சுவரில் மின்சார மீட்டர்களைப் பார்த்தபடி இருந்தார். எட்டு வட்டம் முடிந்ததும் உதட்டை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

உருப்படி முடிந்து, கைதட்டலும் ஓய்ந்தது. அந்தக் கைதட்டலில் யார் யார் இருந்தார்களோ.

"நன்னாத்தான் இருக்கு" என்றார் காமாக்ஷி.

"பரவாயில்லை" என்றார் அவர். "நான் நெனச்சிண்டிருந்த அளவுக்கு மோசமா இல்லை. கொஞ்சம் சின்னதா இருக்கு, அவ்வளவுதான். ஆட்டோவைக் கூப்பிடச் சொல்லு."

காமாக்ஷி எழுந்தார். கீழே போகாமல் மேலே ஏறினார். முழங்காலைக் கையால் தாங்கித் தாங்கி மூன்றாவது மாடிக்கு வந்து, இசைத்தட்டுச் சுவருக்கு எதிரே நின்று மூச்சு வாங்கினார்.

"இன்னொரு தடவை போடுங்கோ. அவர் தப்பு பண்ணின இடம் எதுன்னு காட்டுங்கோ."

ஜெயபாரதி சத்தத்தைக் குறைத்துப் போட்டாள். அந்த இடம் வந்ததும் விரலைத் தூக்கினாள். காமாக்ஷி கூர்ந்து கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலை. சேர்ந்துதானே வாசிக்கறா?"

"ஆமா மாமி. தெரியாத மாதிரி சேந்துக்கிட்டாங்க."

தட்டை உறையில் போட்டு நீட்டினாள். மூன்று வாரம் கொடுக்க மனமில்லாமல் வைத்திருந்தது, இப்போது நீட்டும்போது கை தயங்கவில்லை. காமாக்ஷி வாங்கிக்கொள்ளவில்லை.

"எங்காத்துல வெச்சா மறுபடியும் யாராவது தூக்கிப் போட்டுடுவா. இங்கேயே இருக்கட்டும். நான் எப்பவாவது வந்தா போடுவேளா?"

"வாங்க மாமி."

அப்படிச் சொல்பவர்கள் வருவதில்லை என்று ஜெயபாரதிக்குத் தெரியும். விடுப்பு முடிந்து கடைக்குப் போனாள். மார்கழி வந்தது, தை முகூர்த்தங்களுக்குக் கூட்டம் வந்தது, கால் மறுபடியும் வீங்கியது. கட்டிலுக்கடியில் கிடந்த நான்கு பொட்டலங்களில் ஒன்றைப் பிரித்தாள். சுமாராக இருந்தது.

பொங்கலுக்கு மறுவாரம், கடை வேலையைப் பாதியில் விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது, காமாக்ஷி இரண்டாவது மாடியில் தேவானையின் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். தனியாக வந்திருந்தார்.

"சார் வரலையா மாமி?"

"அவருக்குக் கேட்டது போறுமாம்." கையை நீட்டினார். ஜெயபாரதி பிடித்துத் தூக்கிவிட்டாள். இருவரும் ஒவ்வொரு படியாக ஏறினார்கள். ஒருவர் நின்றால் மற்றவரும் நின்றார்.

மேலே வந்ததும் ஜெயபாரதி வெள்ளை உறையை எடுக்கப் போனாள்.

"அது வேண்டாம்" என்றார் காமாக்ஷி. புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டுச் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இத்தனை வெச்சிருக்கேளே. வேற ஏதாவது போடுங்கோ. எதுவா இருந்தாலும் சரி."

கடைக்குத் திரும்ப அரைமணி நேரம்தான் இருந்தது. எதை எடுப்பது என்று ஜெயபாரதிக்கு உடனே பிடிபடவில்லை. பசித்தது, பாதம் எரிந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து, அடிவரிசையிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.