ஆளில்லாத திசை

வெர்னாவின் கைத்துப்பாக்கிக்குத் தோட்டா வாங்குவதற்குள் அவளுடைய அண்ணன் ஹார்லன் கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டான். எண்ணெய்க் கிணறுகளில் வெல்டிங் வேலை பார்க்கிறவன்தான். ஆனால் துப்பாக்கி என்று பேச்செடுத்தால் போதும், ஏதோ சொந்தமாகத் தொழிற்சாலை நடத்துகிறவன் மாதிரி அளக்க ஆரம்பித்துவிடுவான். மூன்று கம்பெனித் தோட்டாக்களை அள்ளிக்கொண்டு, சர்ச் முடிந்த கையோடு தங்கையை ஊருக்கு வெளியே இருந்த பழைய சரளைக் குழிக்குக் கூட்டிப் போனான்.

வெர்னாவுக்கு இதிலெல்லாம் ஆசை கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டிப் பிழைப்பவள். ஆனால், அவள் விலக்கி வைத்த புருஷன் லானி வெள்ளிக்கிழமை சிறையிலிருந்து வெளியே வருகிறான். போன முறை வந்தபோது கதவை உடைத்தான், பிறகு அவள் விலா எலும்பை உடைத்தான். கிட்டே நெருங்கக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவு போட்டிருக்கிறது, வாஸ்தவம். காகிதம் கதவைத் தாங்கிப் பிடிக்குமா? கூப்பிட்டால் ஷெரீஃபின் போலீஸ் ஆள் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகையால்தான் இந்தத் துப்பாக்கி.

வெர்னாவும் எட்டு வயது மகள் ஜூனியும் இருப்பது ரயில் பெட்டி மாதிரி நீளமான ஒரு டிரெய்லர் வீட்டில். ஒரு கோடியில் வெர்னாவின் அறை, மறு கோடியில் ஜூனியின் அறை, நடுவில் சமையலறையும் வாசல் கதவும், ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நேராக ஒரு நடை. "அவன் உள்ள வந்தான்னா நீ உன் ரூம் வாசல்ல நின்னுக்க. நடையைப் பாத்து நேரா சுடு. அவ்வளவுதான்," என்று ஹார்லன் ஏற்கெனவே பாடம் நடத்தியிருந்தான்.

குழியில் முதல் கம்பெனித் தோட்டா மூன்றாவது முறையே சிக்கிக்கொண்டது.

"கடையிலயே விலை ஒசந்தது இதுதான்னு சொன்னே," என்றாள் வெர்னா.

"வெல இருந்து என்ன? உன் துப்பாக்கிக்கு ஒத்துக்கணுமே. அதுக்குத்தான் சுட்டுப் பாக்கறது. பெட்டியில எழுதியிருக்கறத நம்பி தலகாணி பக்கத்துல வெச்சுக்கிட்டு படுக்கறவன் முட்டாள்."

"உன் கல்யாணத்துக்கு முன்னாடியும் யாராவது இப்படிச் சொல்லியிருக்கலாம்."

"சுடுடீ பேசாம."

இரண்டாவது கம்பெனியின் உதையில் அவள் மணிக்கட்டு தூக்கியடித்தது. அடுத்த குண்டு எங்கே போனதென்று ஆண்டவனுக்கே வெளிச்சம். மூன்றாவதுதான் ஒத்துவந்தது. இரண்டு கையாலும் சுட்டாள், ஒற்றைக் கையால் சுட்டாள், பிடியை வேண்டுமென்றே தளர்த்திச் சுட்டாள். பெட்டி காலியாகும் வரை ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை.

பிறகு ஹார்லன், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பால் ஜாடிகளை வரிசையாக அடுக்கி, ஆள் போட்டிருக்கும் துணிக்குப் பதிலாக முன்னால் தன் பழைய ஜீன்ஸைத் தொங்கவிட்டான். வெர்னா சுட்டதும் முதல் ஜாடி வெடித்துத் தண்ணீர் வானத்துக்குப் போனது. மூன்றாவது ஜாடிக்குள் கிடந்த குண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். மூக்கு நுனியில் குழியோடு போன குண்டு, செம்பு இதழ்களாக விரிந்து பூப் போல இருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை. வெர்னாவுக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லாத ஒன்று இவ்வளவு செய்யுமா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"இதான் வேணும். ஆளுக்குள்ள போனா விரிஞ்சு நின்னுடும். அந்தப் பக்கம் போவாது," என்றான்.

"செவுத்துக்குள்ள?"

"செவுத்துலயும் விரியும். அதுலயே நின்னுடும்."

"சுட்டுப் பாத்திருக்கியா?"

ஹார்லன் தலையைச் சொறிந்தான். எல்லாம் தெரிந்தவன் இதை மட்டும் யாரோ சொல்லித்தான் கேட்டிருந்தான்.

வெர்னாவின் குளியலறையைப் பழுதுபார்த்ததில் மிஞ்சிய ஜிப்சம் பலகைகள் அவன் வண்டியிலேயே கிடந்தன. வீட்டுச் சுவரைப் போலவே இரண்டிரண்டாக இடைவெளி விட்டு, இரண்டு சுவர் நிறுத்தினார்கள். பின்னால் நான்கு ஜாடிகள். வெர்னா சுட்டாள்.

பலகைகளில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை. நான்கு ஜாடிகளும் இரு பக்கமும் ஒழுகின. குண்டு அதற்கும் அப்பால் மண்மேட்டில் புதைந்திருந்தது. வெர்னா மண்டியிட்டு விரலாலேயே தோண்டி எடுத்தாள். அது விரியவே இல்லை. மூக்குக் குழியில் பலகையின் வெள்ளைத் தூள் கெட்டியாக அடைத்துக்கொண்டு, புதுசு போல் இருந்தது.

மற்ற இரண்டு கம்பெனிகளையும் சுட்டுப் பார்த்தார்கள். அதே கதைதான்.

"ஆள நிறுத்தற எதுவும் இந்தச் செவுத்துல நிக்காது போலருக்கு," என்றான் ஹார்லன். அவன் இத்தனை மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை.

வெர்னா மண்ணிலிருந்து எழவில்லை. தன் அறை வாசலில் நின்று நடையைப் பார்த்துச் சுட்டால், குறி தவறினால், அந்தக் கோடியில் ஜூனியின் கட்டில். அப்போது அவளுக்கு வந்ததை வெறும் பயம் என்று சொல்லிவிட முடியாது. காலையில் சர்ச்சில் முழங்காலிட்டபோது வராத பயபக்தி இங்கே, இந்தச் சரளைக் குழியில் வந்தது. தன் கையில் இருப்பது யாரென்று பார்க்காது, எங்கே நிற்பதென்று கேட்காது. பார்க்க வேண்டியதும் கேட்க வேண்டியதும் அவள்தான்.

மூன்றாவது கம்பெனித் தோட்டாவையே வைத்துக்கொண்டாள். வீடு திரும்பியதும் துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டிவிட்டு, வெறுங்கையை நீட்டியபடி வீட்டுக்குள் ஒவ்வொரு இடமாக நின்று பார்த்தாள். சமையலறை ஜன்னல் பக்கம் நீட்டினால், இரண்டு தகரச் சுவருக்கு அப்பால் பக்கத்து டிரெய்லர் கிழவர் ஓடிஸ் உட்கார்ந்து டிவி பார்க்கிறார். வாசல் பக்கம் நீட்டினால் வண்டியும் ஆளும் போகிற சாலை. எந்தப் பக்கம் நீட்டினாலும் விரலுக்கு நேரே யாரோ உயிரோடு இருந்தார்கள். இத்தனை நாள் இதை நினைக்காமல் இருந்துவிட்டோமே என்று பிரமித்துப்போனாள்.

கடைசியாகத் தன் அறை வாசலில் நின்றாள். நேரே நடை, அதன் கோடியில் ஜூனியின் அறை, அதற்கும் அப்பால் அறுவடை முடிந்து தொடுவானம் வரை வெறுமையாய்க் கிடக்கும் கோதுமை நிலம். ஜூனி மட்டும் அங்கே இல்லாவிட்டால் அது ஆளில்லாத திசை.

ஹார்லன் ஒரு முனையையும் அவள் ஒரு முனையையும் பிடித்து, ஜூனியின் கட்டிலைத் தூக்கி வந்து வெர்னாவின் கட்டிலுக்குப் பின்னால், உள்மூலையில் போட்டார்கள்.

பொழுது சாயும் முன்பே ஜூனி புது இடத்தில் ஏறிப் படுத்துப் பார்த்தாள். வெர்னா தன் கட்டில் விளிம்பில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இந்த எடம் பிடிக்கலம்மா," என்றாள் ஜூனி. "இங்கேருந்து பாத்தா உன் முதுகு மட்டும்தான் தெரியுது."

வெர்னா திரும்பவில்லை.

"அது தெரிஞ்சா போதும்," என்றாள். "படு."