நடுவில் நின்ற குமிழி

"இன்னும் ஏறு, நெரிடா, இன்னும் கொஞ்சம்" என்று நான் கத்திக்கொண்டிருந்தபோதே என் மனைவி கேரவனை இழுத்துவந்த காரை அணைத்துவிட்டு இறங்கினாள். செருப்பைக் கழற்றிப் போட்டு, காலுறையோடு கேரவனுக்குள் ஏறி, அடுப்பிலிருந்து படுக்கை வரை ஒரு தடவை நடந்தாள். திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"சரியா இருக்கு."

"எங்க சரியா இருக்கு? குமிழி இடது கோட்டத் தாண்டி நிக்குது பாரு."

"அப்போ உன் குமிழிய நகரச் சொல்லு, கிளைவ்."

கேரவன் முகப்பில் ஒட்டியிருந்த சின்ன ரசமட்டத்தின் குமிழியைத்தான் சொன்னேன். கேரவனின் ஆற்றுப் பக்கத்துச் சக்கரம் அவளுடைய இரண்டு பலகைகள் மேல் நின்றது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள், காரைக் கழற்றினாள், தண்ணீர்க் குழாயை மாட்டப் போனாள். நான் நாற்காலியை விரித்து அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். தண்ணீர் தகரத்தில் அடிக்கும் சத்தம் கேட்டது. நிற்கவில்லை. என்னை எழுந்து வரவைக்கத்தான் திறந்து விட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். எழுந்து போனபோது குழாயடியில் கிடந்தாள். மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திராவிட்டாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொன்னார்கள். கேட்காமலே சொன்னார்கள்.

வீட்டை விற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. மர்ரி ஆற்றங்கரையில் நின்ற அந்தக் கேரவன்தான் எங்கள் வீடு. சவ அடக்கம் முடிந்த மறுநாள் மகன் லாக்லன் முதியோர் குடியிருப்பு ஒன்றின் வண்ணப் புத்தகத்தை என் மடியில் வைத்தான். அட்டையில் ஒரு கிழவன் தக்காளிச் செடியைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கு வேன் போதும்" என்றேன். கேரவனை நாங்கள் வேன் என்றுதான் சொல்வோம்.

"அப்பா, அத ஓட்டினது அம்மா, நிறுத்தினது அம்மா. நீங்க பக்கத்துல நின்னு கத்துவீங்க, அவ்வளவுதான்."

"மட்டம் பாத்தது யாரு?"

"சரி. ஒரு மாசம். தனியா நிறுத்தி, மட்டமாக்கி, ஃப்ரிட்ஜ் ஓடி, பால் திரியாம இருந்தா நான் வாயத் திறக்க மாட்டேன். இல்லன்னா வேன வித்துடலாம்."

எங்களுடையது எரிவாயுவில் ஓடும் பழைய ஃப்ரிட்ஜ். வண்டி சாய்ந்திருந்தால் குளிராது. ஒப்புக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு அற்ப மகிழ்ச்சிகூட இருந்தது. ஒன்பது வருடமாக நான் சொன்ன இடத்தில் ஒரு நாளும் அவள் வண்டியை நிறுத்தியதில்லை. இனி குமிழி சொல்கிற இடத்தில் நிற்கும்.

பள்ளி விடுமுறைக்காக நாங்கள் நின்ற இடத்தை முன்னமே யாரோ எடுத்திருந்ததால் கேரவன் முகாமில் என்னை ஒன்பதாம் எண் இடத்துக்கு மாறச் சொன்னார்கள். முதல் வேலையாக அந்தப் பலகைகளைப் பக்கத்து இடத்து டெஸ்ஸிடம் கொடுத்தேன். நெரிடா ஊர் பவுலிங் கிளப்பில், பந்து உருட்டி ஆடும் மட்டமான புல்தரையைப் பராமரித்தவள். தரையைப் பிரித்துப் போட்டபோது ஓரத்தில் இருந்த கட்டைகளை அறுத்து அவள் கொண்டுவந்தவை அவை. இந்தக் காலத்தில் போய் மரக்கட்டை! டெஸ் அன்றைக்கே அவற்றை எரித்துத் தொத்திறைச்சி சுட்டான். எனக்கும் இரண்டு கொடுத்தான். தின்றேன்.

நகரத்துக் கடையில் மட்டமாக்கும் சாமான்களுக்கு ஒரு சுவர் முழுக்க ஒதுக்கியிருந்தார்கள். மஞ்சள் சாய்வுக் கட்டை, குழந்தைகள் அடுக்குவது போன்ற சிவப்புக் கட்டைகள், சக்கரத்துக்கு அடியில் வைத்துக் காற்றடிக்கும் பை, கைபேசியில் எண் காட்டும் பெட்டி. எல்லா அட்டைகளிலும் ஒரே படம்: புருஷன் ஓட்டுகிறான், பெண்டாட்டி வெளியே நின்று கட்டைவிரலை உயர்த்துகிறாள். தனியாக ஒருவன் கேரவன் வைத்திருப்பான் என்று இந்தத் தொழிலில் யாருக்கும் தோன்றியதில்லை.

"இது ரொம்ப சுலபம் சார்" என்றார் கடைக்காரர் கிரெய்க், மஞ்சள் கட்டையைத் தட்டி. "மேடம் வெளிய நின்னு நிறுத்துன்னு சொன்னா போதும்."

"மேடம் இறந்துட்டாங்க."

"ஓ. அப்போ உங்களுக்கு இது" என்று மூச்சு விடாமல் இன்னும் ஒரு தட்டு மேலே கையை நீட்டினார்.

மஞ்சள் கட்டையையே வாங்கினேன்.

மாலை நான்கு மணிக்கு அந்த முகாமில் ஆண்கள் நாற்காலி போட்டு, பீரோடு உட்கார்ந்து, யார் வண்டியை எப்படி நிறுத்துகிறார்கள் என்று பார்ப்பார்கள். வேறு வேலை கிடையாது. நான் கட்டை மேல் இரண்டு அங்குலம் ஏற்றி, காரிலிருந்து இறங்கி, கேரவன் முகப்புக்கு ஓடிக் குமிழியைப் பார்த்து, திரும்ப ஓடிக் காரில் ஏறினேன்.

"எட்டாவது தடவ இறங்குறாரு" என்றான் டெஸ்.

"புரொபசர் உடம்பக் குறைக்கிறாருய்யா" என்றான் இன்னொருவன்.

முப்பது வருடம் நூலகராக இருந்தவனை அவர்கள் புரொபசர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்தவனை ஏளனம் செய்ய அவர்களுக்குத் தெரிந்த ஒரே சொல் அது.

கடைசியில் குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவில், சட்டம் போட்ட மாதிரி நின்றது. உள்ளே போனேன். கதவு தானாகத் திறந்து வெளிச்சுவரில் மோதியது. குளித்த தண்ணீர் துவாரத்துக்குப் போகாமல் மூலையில் தேங்கியது. இரண்டாம் நாள் பால் திரிந்தது.

சீன பிளாஸ்டிக், எடை தாங்காமல் அமுங்கியிருக்கும் என்று முடிவு செய்தேன். கடைக்குப் போய்ச் சிவப்புக் கட்டைகளை வாங்கினேன். அடுக்கினேன், ஓடினேன், ஏறினேன். குமிழி நடுவில். பால் திரிந்தது. காற்றுப்பை வாங்கினேன். பால் திரிந்தது. கடைசியாகக் கைபேசிப் பெட்டி. வண்டி சரியான மட்டத்தில் இருக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தி அதற்குப் பூஜ்யத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று காகிதத்தில் இருந்தது. குமிழியை நடுவில் நிறுத்தி அழுத்தினேன். அதன்பிறகு குமிழியும் பெட்டியும் எப்போதும் ஒத்துப்போயின. அறிவியல் என் பக்கம் இருந்தது.

"சார், நாலும் சரியில்லன்னா நாங்க என்ன பண்ணுறது?" என்றார் கிரெய்க்.

"விக்கிறத நிறுத்துங்க" என்றேன்.

லாக்லன் வர நான்கு நாள் இருந்தது. டப்பா மீனும் பாலில்லாத டீயுமாக இருந்தேன். அன்று காலை டெஸ் வாசலுக்கு வந்து, திறந்து ஆடிக்கொண்டிருந்த கதவை ஒரு விரலால் மூடினான். அது திரும்பத் திறந்தது.

"புரொபசரே, வேன் சாஞ்சு நிக்குது."

"இல்ல. போய்க் குமிழியப் பாரு."

டெஸ் ஓய்வுபெற்ற கொத்தனார். போய், ஓராள் நீளத்துக்கு ஒரு ரசமட்டத்தை எடுத்துவந்து தரையில் வைத்தான். பிறகு இறங்கி முன்பக்கம் போனான். அவன் சிரிப்பைக் கேட்டு அக்கம்பக்கத்தில் தலைகள் நீண்டன.

"நாலு விரல் இடது பக்கம் எறங்கிருக்குய்யா! இந்தக் குமிழிய ஒட்டின முட்டாள் யாரு?"

நான்தான். வண்டி வாங்கிய அன்று, எங்கள் வீட்டுக் கார்ப்பாதையில் நிறுத்தி, குமிழி நடுவில் வரும்படி பார்த்துப் பார்த்து ஒட்டினேன். மழைத்தண்ணீர் வடிவதற்காக அந்தப் பாதையைச் சாய்த்துத்தான் போட்டிருந்தார்கள். சிமெண்ட் போடும்போது அந்தச் சாய்வைக் கேட்டு வாங்கியதும் நானே.

ஒன்பது வருடம் அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் குமிழி ஒரே பக்கம், ஒரே அளவு விலகி நின்றிருக்கிறது. ஒரு புத்தகம் அலமாரி மாறியிருந்தால் கண்டுபிடிக்கிறவனுக்கு அது தெரியவில்லை.

"நெரிடாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"தெரியுமாவா? புல்தரையில மயிரளவு மேடுன்னாலும் காலுலயே சொல்லுற பொம்பள. போன வருஷமே நான் கேட்டேன், ஏம்மா, குமிழி கோணலா இருக்கே, அந்த ஆளுகிட்ட சொல்லலையான்னு."

"என்ன சொன்னா?"

"அவன் அங்கயே நின்னு கத்தட்டும், இல்லன்னா உள்ள வந்து சமையலுக்கு யோசனை சொல்லுவான்னாங்க."

டெஸ் திரும்பச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. என்னை வைத்து அவள் விளையாடினாளா, எனக்கென்று ஒரு வேலையை விட்டுவைத்தாளா என்று இன்றுவரை நிச்சயமாகத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். எதுவானாலும், குமிழியைப் பார்த்து வெட்டியாகக் கத்திய ஒன்பது வருடமும் நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை மறுக்க முடியவில்லை.

வெண்ணெய்க் கத்தியால் அதைச் சுரண்டி எடுத்து ஆற்றில் எறிந்தேன். கைபேசிப் பெட்டி, பை, சிவப்புக் கட்டை எல்லாவற்றையும் டெஸ்ஸின் காலடியில் போட்டேன். "இது எரியாதே" என்றான். முதலில் வாங்கிய மஞ்சள் கட்டையை இடது சக்கரத்துக்கு வைத்தேன். கொஞ்சம் ஏற்றினேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தேன். என் காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. நூலகக் கால். இறங்கி இன்னும் கொஞ்சம் ஏற்றினேன், நடந்தேன். ஐந்தாவது தடவை, படுக்கைக்குப் போகும்போது உடம்பு எந்தப் பக்கமும் போகாதது போலிருந்தது. டெஸ் ரசமட்டத்தை வைத்தான்.

"அரை விரல் தப்பு. பரவாயில்ல, ஃப்ரிட்ஜ் மன்னிச்சிடும்."

சனிக்கிழமை லாக்லன் வந்தான். வாசலில் நின்று கதவை ஒரு தடவை தள்ளிப் பார்த்தான். அது விட்ட இடத்திலேயே நின்றது. ஃப்ரிட்ஜைத் திறந்தான், பாலை எடுத்து முகர்ந்தான், கோப்பையில் ஊற்றிக் குடித்தான். அம்மாவைப் போலவே உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"யாரு உதவி பண்ணாங்க?"

"ஒரு கொத்தனார் திட்டினாரு. உதவின்னு சொல்ல முடியாது."

வாக்குக் கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டான். போகும்போது அந்த வண்ணப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. மறந்துபோனான் என்று வைத்துக்கொள்கிறேன். தக்காளிக்காரனை மேசைக்காலுக்கு அடியில் வைத்தேன். ஆட்டம் நின்றது.

அவன் போனபிறகு இன்னும் ஒரு மாதத்துக்கு எழுதிக்கொள்ள முகாம் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குள் எப்போதும் தொங்கும் கட்டண அட்டை தொங்கியது. இட வாடகை இருவருக்கு. ஒருவர் தங்கினாலும் அதேதான்.