அரையும் காலும்

அன்பரசி பி.எட். இரண்டாம் ஆண்டு. கற்பித்தல் பயிற்சிக்காகச் செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து, மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு நடுநிலைப்பள்ளிக்குப் போய்வந்தாள். வியாழக்கிழமை அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போட, கல்லூரியிலிருந்து பேராசிரியர் உலகநாதன் வருவதாக இருந்தது.

பயத்தில், புதன்கிழமையே அதே பாடத்தை ஆறாம் வகுப்புக்கு ஒருமுறை நடத்திப் பார்த்துவிட்டாள். பின்னக் கூட்டல். யார் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என்பதுகூட முடிவாகிவிட்டது. கணக்கு வராத அஃப்ஷீனிடம் மட்டும், “நாளைக்கு நீ பேசாம இரு, என்ன?” என்றாள். அந்தப் பெண் தலையாட்டினாள்.

மறுநாள் பாடம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. பின் வரிசையில் உட்கார்ந்திருந்த உலகநாதன் திடீரென்று அஃப்ஷீனைக் காட்டி, “நீ சொல்லும்மா. அரையும் காலும் சேர்ந்தா?” என்றார்.

அவள் எழுந்து அன்பரசியைப் பார்த்தாள். பிறகு போர்டில் போய், மேல் எண்களையும் கீழ் எண்களையும் தனித்தனியே கூட்டி எழுதினாள்: 2/6.

வகுப்பு சிரித்தது. அன்பரசிக்கு முகம் சுட்டது. அடுத்த பிள்ளையைக் கேட்டால் சரியான விடை வந்துவிடும். ஆனால் அஃப்ஷீன் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபின் அவளுக்கு மனம் வரவில்லை.

“உங்க அத்தா கோழிக்கறிக் கடைதானே வெச்சிருக்காரு? அரைக் கிலோவோட கால் கிலோ சேத்துப் போட்டா எவ்ளோ?”

“முக்கால் கிலோ மிஸ்.” யோசிக்கவே இல்லை.

“முக்காலை எழுது.”

3/4 என்று எழுதிவிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்போ முன்னாடி எழுதினது இன்னா மிஸ்?”

“ஆறுல ரெண்டு அரையவிடக் கம்மிடீ,” என்றாள் முன் பெஞ்சிலிருந்த ஜெபா. “சேத்தா கொறையுமா இன்னா?”

வகுப்பு முழுக்க விவாதம். அன்பரசி போர்டில் கட்டங்கள் போட்டுப் பிரித்துக் காட்டினாள். எழுதிவைத்திருந்த பாடத்திட்டத்தில் பாதிகூட முடியாமல் மணி அடித்தது.

வராந்தாவில் அவளே சொல்லிவிட்டாள். “சார், நேத்தே ஒத்திகை பார்த்துட்டேன். அந்தப் பொண்ண பேசாம இருன்னும் சொல்லிட்டேன்.”

“தெரிஞ்சுது,” என்றார் உலகநாதன். “பாடம் முடியல. அதுக்கு மார்க் குறைச்சிருக்கேன். நாளைக்கு முடிச்சிடுங்க.”

மறுநாளும் பாடம் முடியவில்லை. அஃப்ஷீனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னாள். அரை, கால் போல அதற்குக் கடையில் பேரில்லை. ஐந்தில் இரண்டு என்றாள் அஃப்ஷீன். யாரும் சிரிக்கவில்லை, பாதி வகுப்பின் நோட்டிலும் அதுதான் இருந்தது. அன்பரசி மறுபடி கட்டம் போடத் தொடங்கினாள்.