பனியில் விழாதவர்கள்

உலகத்தில் பனியில் விழாத மக்கள் பசோதோ மக்கள் மட்டுமே. இது பெருமைக்காகச் சொல்வதல்ல, நிலவியல் சொல்வது. மற்ற நாடுகளில் மலை என்பது ஊருக்கு வெளியே நிற்கும் ஒரு பொருள். லெசோதோவில் மலைதான் நாடு. எங்கள் பள்ளத்தாக்கின் அடிமட்டமே அயலாருக்கு மூச்சு வாங்கும் உயரம். இங்கே பிறந்த குழந்தை முதலில் சரிவில் நிற்கக் கற்கிறது. சமதளத்தைப் பிறகுதான் பார்க்கிறது. பார்த்து ஏமாந்தும் போகிறது. பனியில் விழுந்த பசோதோக்காரனைக் கண்டதாக இன்றுவரை எவரும் சாட்சி சொன்னதில்லை. ஆகவே பசோதோக்காரனுக்குப் பனியில் ஆசிரியர் தேவையில்லை. பிறந்ததே போதும்.

சென்ற குளிர்காலத்தில், லெசோதோவின் ரோமா ஊரிலுள்ள பல்கலைக்கழக மாணவர் இதழில் இப்படி எழுதியவன் செச்சாபா. எங்கள் செசோதோ மொழியில் அந்தப் பெயருக்கு நாட்டுமக்கள் என்று பொருள். அதனால்தானோ என்னவோ, ஒற்றை ஆளாக இருந்துகொண்டே எல்லோருக்கும் சேர்த்துப் பேசுவான். எழுதுவதற்கு முன் நண்பர்களோடு மலைமேலுள்ள பனிச்சறுக்கு விடுதிக்குப் போகத்தான் செய்தான். பகல் முழுக்கச் சிற்றுண்டிக் கடையின் மரத்தளத்தில் ஒரே கோப்பைத் தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பனியைக் காலால் தொடவில்லை. தொட்டால் நடுநிலை கெட்டுவிடும் என்றான்.

தேநீர்க் கோப்பைக்குப் பின்னாலிருந்து பார்த்தவர்களைக் கட்டுரையில் ஒருவர் விடாமல் கிழித்திருந்தான். வாடகைக்குச் சட்டை, கண்ணாடி, பலகை எல்லாம் எடுத்து, ஒரு படம் பிடித்துக்கொண்டு, வியர்க்குமுன் திருப்பிக் கொடுப்பவர்கள். மலையை உட்கார்ந்தே இறங்கி, எழும்போது பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பவர்கள். ஆனால் அவன் வயிறெரிந்து எழுதியது பீட்சாக்காரர்களைப் பற்றி. புதிதாகப் பழகுகிறவன் பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். பார்க்க முக்கோணத் துண்டு போலிருப்பதால் பயிற்சியாளர்கள் அதைப் ‘பீட்சா’ என்கிறார்கள். மறக்காமலிருக்கச் சத்தமாகச் சொல்லவும் சொல்கிறார்கள். ‘மீசை நரைத்த வங்கி மேலாளர் ஒருவர் சாப்பாட்டின் பெயரைக் கத்திக்கொண்டே மலையிறங்குகிறார். கீழே மேய்கிற ஆடுகள் பஞ்ச காலம் வந்துவிட்டதென்று கலைகின்றன’ என்று எழுதியிருந்தான்.

ரோமாவில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரே ஒருவர் சிரிக்கவில்லை. அவர் ந்தாத்தே மொஹாபி (ந்தாத்தே என்றால் ஐயா, அப்பா). செச்சாபா காதலித்த லினேயோவின் அப்பா.

இளமையெல்லாம் எல்லைக்கு அப்பால் தங்கச் சுரங்கத்தில் கழித்துவிட்டு, இப்போது மாபுட்சோ ஊரில் இரண்டு சிற்றுந்துகள் ஓட்டுபவர். அச்சில் ஏறிய எதுவும் பொய்யாக இருக்காது என்பது அவர் கொள்கை. மகள் கொண்டுவந்த இதழை அவர் நிதானமாகப் படித்தார், தலையாட்டினார், வெட்டியெடுத்து அட்டையில் ஒட்டினார். சாவுச் செலவுக்குச் சந்தா சேர்க்கும் ஈமச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தும் காட்டினார். பிறகு மகளிடம், “இதை எழுதினவன் வீட்டுலேர்ந்து ஆள் வந்தா, வரச்சொல்லு” என்றார்.

அன்றைக்கே செச்சாபா உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கதவு திறந்திருக்கும்போது எவன் போய்ப் பூட்டைத் தேடுவான்? வருகிற சனிக்கிழமை அவன் தாய்மாமன்கள் மொஹாபி வீட்டுக்குப் போய், பெண்ணுக்காகக் கொடுக்க வேண்டிய மாடுகளைப் பேசுவதாக ஏற்பாடு. அதற்கு முன் பெரியவருக்கு ஒரே ஒரு ஆசை.

“மலையைக் கீழேருந்து பார்த்திருக்கேன். மலைக்கு அடியில இருந்தும் பார்த்திருக்கேன். மேலேருந்து சறுக்கி வந்ததில்ல. நீ முன்னால போ, நான் பின்னால வர்றேன்.”

இப்படியாக அவருடைய பிக்கப் வண்டி கணவாய் ஏறிக்கொண்டிருந்தது. லினேயோ சன்னலோரம். நடுவில் செச்சாபா, கியர்க்கம்பிக்கு இருபுறமும் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு. வளைவுக்கு வளைவு அவன் வேறு வேறு பிரார்த்தனை செய்தான். சாலை உறைந்து மூடியிருக்க வேண்டும். போலீஸ்காரர் வண்டியை நிறுத்த வேண்டும். ஒரு சக்கரமாவது மனம் வைத்துக் காற்று இறங்க வேண்டும். போலீஸ்காரரும் நிறுத்தினார், பெரியவரை அடையாளம் தெரிந்து சல்யூட் வைத்து அனுப்பினார்.

“ஏன் நெளியறே, முதலைக் குலத்துக்காரா?” என்றார் பெரியவர். செச்சாபாவின் குலச்சின்னம் முதலை. மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவது, கேலிக்கும் அப்படித்தான். “கியர் மாத்தும்போதெல்லாம் உன் முட்டியையும் சேர்த்து மாத்த வேண்டியிருக்கு.”

“சந்தோஷம், ந்தாத்தே. உட்கார முடியல.”

“இருக்காதா பின்ன. முதலை தண்ணியைக் கண்டா துள்ளும். இது உறைஞ்ச தண்ணி, அவ்வளவுதானே.”

லினேயோ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

கணவாய் தாண்டியதும் விடுதி தெரிந்தது. சுற்றிலும் மலைகளெல்லாம் காய்ந்த மாட்டுத்தோல் நிறத்தில் கிடக்க, நடுவே இயந்திரம் துப்பிய பனி மட்டும் வெள்ளைத் துணி காயப்போட்டதுபோல் தொங்கியது. ஜோகன்னஸ்பர்க் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒலிபெருக்கியில் பாட்டு, அடுப்பில் இறைச்சி வாசம், அரைக்கால் சட்டையோடு குளிரில் நின்று வீரம் காட்டும் வெள்ளைக்காரப் பையன்கள். சென்ற ஆண்டு இதையெல்லாம் பார்த்து அவனுக்கு வரி வரியாக வந்தது. இன்று வாந்தி வரும்போலிருந்தது.

காலணி வாடகைக்கு விடும் இடத்தில் கடைசி நம்பிக்கையும் போயிற்று. பெரியவரின் பாதம் கோயில் கதவு மாதிரி. அந்த அளவு இருக்காது என்று செச்சாபா நம்பினான். இருந்தது. அதுவும் இரண்டு ஜோடி.

“போர்வையைக் கழட்டிட்டுப் போங்க, ந்தாத்தே. மாட்டிக்கும்” என்றான் கடைப்பையன்.

பசோதோக்காரர்கள் மேலங்கியாகத் தோளில் ஊசி குத்திப் போட்டுக்கொள்ளும் அந்தப் போர்வையைப் பெரியவர் இன்னும் இழுத்து விட்டுக்கொண்டார். “பிறந்ததே போதும்” என்றார். கடைப்பையனுக்கு விளங்கவில்லை. செச்சாபாவுக்கு விளங்கியது.

அவன் பெஞ்சில் உட்கார்ந்து காலணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது லினேயோ பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“அபூதி,” என்றாள், அண்ணே என்பதுபோல. “அது இடது கால்.”

“தெரியும்.”

“நீ மாட்டியிருக்கிறது வலது கால்ல.”

செச்சாபா காலணியைப் பார்த்தான். அதுவும் அவனைப் பார்த்தது.

“உனக்கு சறுக்கத் தெரியாது. அப்படித்தானே?”

“ஒரு பசோதோக்காரனுக்கு...”

“எங்கிட்ட அந்தக் கட்டுரையைப் படிக்காத. நான்தான் அதுக்கு எழுத்துப்பிழை பார்த்தேன். அப்பாகிட்ட இப்பவே போய்ச் சொல்லு. அவர் முட்டியில சுரங்கத்துப் பாறை விழுந்து, மாடிப்படியையே ஓரமா ஏறுறவர். பெரிய சரிவுக்குப் போறேங்கறார்.”

“சொன்னா சனிக்கிழமை என்னாகும்? பனியிலயே பொய் சொல்றவன் மாட்டுல சொல்லமாட்டானான்னு கேப்பார்.”

“சொல்லாட்டி உன் மாமன்கள் கல்யாணம் பேச வரமாட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப்பழம் எடுத்துட்டு வருவாங்க.”

அவன் எழுந்தான். சொல்லிவிடத்தான் போனான். பெரியவர் முன்னால் நின்றதும் வாய் வேறு பாதையில் போயிற்று.

“காத்து கொஞ்சம் பலமா இருக்கு, ந்தாத்தே.”

“காத்தா? இது மூச்சு.”

“முதல்ல ஏதாவது சாப்பிட்டுட்டு...”

“மேல போயிட்டு வந்தா ருசியா இருக்கும்.”

“வாடகையோட ஒரு வகுப்பும் சேர்த்துதான் குடுக்கிறாங்க. வீணாப் போகுமேன்னு பார்த்தேன்.”

பெரியவர் நின்றார். வேலிக்கு அந்தப்பக்கம் குழந்தை மேடு. சிவப்புச் சட்டை போட்ட பொன்ட்சோ என்ற பயிற்சி தரும் பெண், அரை டஜன் வாண்டுகளையும் சர்ச்சிலிருந்து வந்த இரண்டு அம்மாக்களையும் ஒரு மீசைக்காரரையும் வரிசையில் நிறுத்தி வைத்திருந்தாள். எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“வகுப்பா?” பெரியவர் குரலில் சிற்றுந்து நிலையத்தில் ஆள் கூப்பிட்ட பழக்கம் இருந்தது. “பீட்சாக்காரங்களோடயா? நீயா சொல்றே?” அவர் சிரித்தார். மீசைக்காரர் திரும்பிப் பார்த்தார். செச்சாபாவும் சிரித்தான், அது பல்வலிக்காரனின் சிரிப்பு.

மலையுச்சிக்கு இழுத்துப்போகும் கயிற்றின் அடியில் வரிசை நின்றது. கயிற்றில் தொங்கும் வட்டத் தட்டைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டால் போதும், அது ஆளை மேலே இழுத்துப்போகும். வரிசையில் நின்றவர்களிடம் பெரியவர் போர்வைக்குள்ளிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். “இதை எழுதினது இவன்தான். இவன் முன்னால, நான் பின்னால.”

பலகையைத் தோளில் சாய்த்திருந்த, தலைநகர் மசேருவின் இளைஞர்கள் இருவர் அட்டையை எட்டிப் பார்த்தார்கள். “ஓஹோ! ஆசிரியர் தேவையில்லாத ஆளா? வழி விடுங்கப்பா, நாடே போகுது!” என்று ஒருவன் கத்தினான். வரிசை மனமுவந்து விலகியது. வாழ்க்கையில் எந்த வரிசையிலும் செச்சாபாவுக்கு இவ்வளவு சீக்கிரம் முதலிடம் கிடைத்ததில்லை.

அப்போது மேலேயிருந்து ஒரு பலகை தனியாக வந்தது. சற்றுப் பின்னால் அதன் சொந்தக்காரர் முதுகில் சறுக்கி வந்தார். கை ஒரு திசை, தொப்பி ஒரு திசை. வேலி வலையில் வந்து மோதி நின்று, சுத்தமான செசோதோவில் தன் தாயைக் கூப்பிட்டார்.

பெரியவரின் புருவம் ஏறியது. “அவன் நம்ம ஆளா?”

“எல்லைக்கு அந்தப்பக்கத்து ஆளா இருக்கும், ந்தாத்தே.” யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. அவனுக்கே தன் வாய்மேல் அருவருப்பாக இருந்தது.

“அதான் பார்த்தேன்” என்றார் பெரியவர். ஒரு துளி சந்தேகம் இல்லை. அட்டையைப் பத்திரமாக நெஞ்சுக்குள் வைத்தார். பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, குனிந்து வலது முட்டியை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டார். நொண்டி எருதைக் கடைசி மேட்டுக்குத் தட்டிக்கொடுப்பதுபோல. நிமிர்ந்தபோது முகத்தில் பள்ளிக்கூடப் பையனின் மகிழ்ச்சி. “போ. வந்துட்டே இருக்கேன்.”

தட்டு ஆடியபடி வந்தது. செச்சாபா அதைப் பிடிக்கவில்லை. தட்டு அவனைத் தாண்டிக் காலியாக மேலேறிப் போயிற்று. அடுத்ததும் போயிற்று.

“நாடு தூங்குதா?” என்றான் மசேரு இளைஞன்.

சொல்ல வேண்டிய வாக்கியம் தொண்டைவரை வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. வாயை நம்பிப் பயனில்லை என்று அவனுக்குப் புரிந்தது. கால்களைத் திருப்பினான். வரிசையைவிட்டு விலகிய இரண்டாம் அடியிலேயே, சரிவென்று சொல்லவே கூசும் ஒரு சரிவில், கட்டிய கோழிபோல் பக்கவாட்டில் விழுந்தான். பின்னால் சிரிப்பு வெடித்தது. எழப் பார்த்தான், மீண்டும் விழுந்தான். கடைசியில் நாலு காலில் தவழ்ந்து, வேலி இடைவெளி வழியாகக் குழந்தை மேட்டுக்குள் நுழைந்து, மீசைக்காரரின் கையைப் பிடித்து எழுந்து, வரிசையின் கடைசியில் நின்றான்.

“எங்கே போறே, முதலைக் குலத்துக்காரா?” பெரியவரின் குரல் வேலியைத் தாண்டி வந்தது. அவன் திரும்பவில்லை.

“பேரு?” என்றாள் பொன்ட்சோ.

“செச்சாபா.”

“செச்சாபா, முன்நுனி ரெண்டும் முத்தம் குடுக்கணும். குதிகால் ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டு விலகணும். பசங்களா, இதுக்கு என்ன பேரு?”

வாண்டுகள் அலறின. செச்சாபா பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் பெரிய மூச்சு கேட்டது. ந்தாத்தே மொஹாபி வரிசையைவிட்டு வந்து, வேலியைப் பிடித்துக்கொண்டே அவன் பின்னால் நின்றிருந்தார். கையில் அட்டை.

“அச்சுல போட்டிருந்தியே.”

“சிரிக்கிறதுக்கு எழுதினேன், ந்தாத்தே.”

பெரியவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சங்கத்துல ஒருத்தரும் சிரிக்கலையே.”

செச்சாபாவுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அந்தக் காலணியில் நடக்கவே முடியாது என்பதால் நின்றான்.

“சனிக்கிழமை உன் மாமன்கள் வந்து பேசப்போறது? அதுவும் சிரிக்கிறதுக்கா?”

“இல்ல, ந்தாத்தே. அது நிஜம்.”

பெரியவர் பெரிய சரிவைப் பார்த்தார். அங்கே இன்னொரு பசோதோக்காரர் விழுந்துகொண்டிருந்தார். பிறகு அட்டையை இரண்டாக மடித்து, அடுத்த மடிப்பு விழாததால் அப்படியே போர்வைக்குள் திணித்தார்.

“வரட்டும். ஆனா மாட்டுக் கணக்கை நீ வாயைத் திறந்து சொல்லக்கூடாது. மாமன்தான் பேசணும்.” அவனை முழங்கையால் இடித்தார். “தள்ளி நில்லு. எனக்கு டீச்சரம்மா தெரியல.”

வேலிக்கு வெளியே லினேயோ கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மசேரு இளைஞர்களும் வரிசையை விட்டுவிட்டு வந்து அவளருகில் நின்றார்கள்.

முதலில் வாண்டுகள் போயின. அம்மாக்கள் கைகோத்துக்கொண்டு போனார்கள். மீசைக்காரர் போனார். அடுத்து ந்தாத்தே மொஹாபி, போர்வை பின்னால் பறக்க, முன்நுனிகளைச் சேர்த்து, “பீட்சா! பீட்சா!” என்று மாபுட்சோ நிலையமே திரும்பிப் பார்க்கும் குரலில் கூவிக்கொண்டு, ஆமை வேகத்தில், நிமிர்ந்தபடி இறங்கினார்.

அவர் பின்னால் செச்சாபா. முட்டியை மடக்கினான். நுனிகளைச் சேர்த்தான். காற்று காதில் பட்டது. லினேயோவின் கைப்பேசிக்கு எட்டாதபடி தலையைக் குனிந்துகொண்டு, உதடு மட்டும் அசைய, மெதுவாகச் சொன்னான்:

“பீட்சா.”

வேகம் குறைந்தது. இன்னொரு முறை சொன்னான்.